போத்தலுக்குள் ஒரு கடல் மேகம்: செய்யும் விதமும் பார்க்கும் விதமும்

முதலில் மூன்று போத்தல் தேடுங்கள். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் காணும். லேபிளைச் சுரண்டி எடுத்து, பசை மிஞ்சியிருந்தால் தேங்காயெண்ணெய் தடவித் துடையுங்கள். தண்ணீர் விற்கிற மெல்லிய போத்தல் சரிவராது. அமுக்கினால் நெளிந்தபடியே கிடக்கும், தானாக நிமிராது. நமக்கு வேண்டியது அந்த நிமிர்வுதான்.

நான் மட்டக்களப்பு ஆரையம்பதியில் ஒரு தகரக் கொட்டிலில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான ரியூசன் எடுக்கிறேன். ஒருநாள் பின்வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்: "டீச்சர், கப்பல் புகையால கடல் மேகம் வெளுக்குமாம், அதால பூமி குளிருமாம். புகை கறுப்பெல்லோ, எப்படி வெளுக்கும்?" நல்ல கேள்வி. பலகையில் அரை மணித்தியாலம் எழுதி விளக்கினேன். ஒருவருக்கும் ஏறவில்லை, அவளுக்கும்தான். அதற்குப் பிறகுதான் போத்தலைக் கையில் எடுத்தேன். பல தடவை பிழைத்து, ஒருமாதிரிச் சரிவந்த முறையைத்தான் கீழே தருகிறேன்.

போத்தல் தவிர வேண்டியவை: கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர், ஒரு நெருப்புப்பெட்டி, ஒரு நுளம்புச்சுருள், ஒரு ரோச் லைட், பின்னால் விரிக்க ஒரு கறுப்புக் குடை. கொதிதண்ணி ஊற்றாதீர்கள். முதல் நாள் நான் கேத்திலிலிருந்து நேரே ஊற்றினேன். போத்தல் பிள்ளைகள் முன்னாலேயே சுருங்கிக் கூனிவிட்டது. அடுத்ததாக ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, மேலே ஐஸ்கட்டி வைத்தேன். அது "டக்" என்று வெடித்தது. கண்ணாடியை விட்டுவிடுங்கள்.

மூன்று போத்தலிலும் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு மூடுங்கள். ஒன்றாம் போத்தலுக்குப் புகை இல்லை. அதை முதல்நாள் இரவே மூடி, காலையில் மெதுவாகக் குலுக்கி, திறக்காமல் வைத்திருந்தால் நல்லது. வீட்டுக் காற்றில் எப்போதும் தூசியும் அடுப்புப் புகையும் இருக்கும். இரவு முழுக்க மூடிவைத்தால் பெரும்பகுதி சுவரிலும் தண்ணீரிலும் ஒட்டிக்கொள்ளும். காலையில் போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீர் உள்ள வாளியில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் உள்ளே இருப்பதும் சூடாகிவிடும். இரண்டாம் போத்தலுக்கு ஒரு நெருப்புக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையில் ஒரு இழை மட்டும் உள்ளே போகவிட்டு மூடுங்கள். மூன்றாவதற்கு நுளம்புச்சுருளின் நுனியை வாயருகே பிடித்து, ஐந்தாறு செக்கன் புகையை உள்ளே இழுக்கவிடுங்கள். போத்தலை ஒருமுறை அமுக்கி விட்டால் தானாக இழுக்கும்.

இனி ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் இறுக அமுக்கி, ஐந்து எண்ணி, சட்டென்று விடுங்கள். அமுக்கும்போது உள்ளே காற்றுக் கொஞ்சம் சூடாகிறது. விட்டதும் விரிந்து குளிர்கிறது. காற்று குளிர்ந்தால் அதிலுள்ள நீராவிக்கு ஆவியாக இருக்க இடம் காணாது. தண்ணீராக மாறப் பார்க்கும். கடலுக்கு மேலே காற்று எழும்பி, விரிந்து, குளிர்ந்து மேகமாவதும் இதே வேலைதான். அங்கே அமுக்கி விட ஆள் தேவையில்லை, உயரம் அதைச் செய்துவிடுகிறது.

ஒன்றாம் போத்தலில் ஒன்றும் தெரியாது, அல்லது கண்ணைச் சந்தேகிக்கிற அளவுக்கு ஒரு மங்கல் வரும். நீராவி இருக்கிறது, குளிரும் இருக்கிறது, ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தூய காற்றில் நீராவி தானாகத் துளியாக வேண்டுமென்றால், காற்று தாங்கக்கூடிய அளவைப்போல் நாலைந்து மடங்கு ஆவி சேரவேண்டும். இயற்கையில் எந்த மேகத்திலும் அப்படிச் சேர்வதில்லை. ஒரு துகள் கிடைத்தால் ஈரப்பதன் 100 வீதத்தைச் சற்றே தாண்டினாலே காணும். 1875இல் பிரான்சில் கூலியே என்பவரும், சில ஆண்டுகளுக்குப் பிறகு தனியாக ஸ்கொட்லாந்தில் ஜோன் எய்ட்கின் என்பவரும் கண்டுபிடித்தது இதைத்தான். எய்ட்கின் இதை வைத்தே காற்றிலுள்ள தூசியை எண்ணுகிற கருவியும் செய்தார்: ஒவ்வொரு துகளிலும் ஒரு துளி பிடிக்கவிட்டு, விழுந்த துளிகளை எண்ணினார்.

இரண்டாம் போத்தலில்தான் ஆறுதலாக நிற்கவேண்டும். விட்டவுடன் மேகம் வரும், ஆனால் ஐதாக வரும். ரோச்சைப் பக்கத்திலிருந்து பிடித்து, கறுப்புக் குடைக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். தனித்தனித் துளிகள் மினுங்குவது தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தால் அவை கீழே இறங்குவதும் தெரியும். மூன்றாவதில் அப்படி ஒரு மினுக்கமும் இராது. பால் ஊற்றின மாதிரி ஒரே வெள்ளை, அந்த இடத்திலேயே நிற்கும். அதே அளவு தண்ணீர், அதே சூடு, அதே கை. மாறினது துகளின் எண்ணிக்கை மட்டும்.

இந்த இடத்தில் என் பிள்ளைகள் விடமாட்டார்கள். "டீச்சர், வெள்ளையாக் கிடக்கிறது புகைதானே?" சரியான சந்தேகம். சோதிக்கிற வழி சுலபம்: திரும்ப அமுக்குங்கள். மேகமென்றால் உடனே மறையும், விட்டால் திரும்ப வரும். புகை அமுக்கினாலும் அப்படியே நிற்கும். அமுக்கிய நிலையிலேயே போத்தல் மங்கலாக இருந்தால் புகையை அளவுக்கு மீறி விட்டுவிட்டீர்கள். திறந்து, காற்றாட விட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். நான் ஒரு வகுப்பு முழுவதும் நுளம்புச்சுருள் புகையைத்தான் மேகம் என்று காட்டியிருக்கிறேன், பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளில் இருவர் இப்போது கம்பஸில் படிக்கிறார்கள். அவர்கள் இதை வாசிக்காமல் இருந்தால் நல்லது.

படம் எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ரோச்சும் போனும் போத்தலின் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும். வெளிச்சத்தைப் பின்னால் வைத்தால் எல்லா மேகமும் பிரகாசமாகத்தான் தெரியும், ஒப்பிட முடியாது. கடல் மேகத்தை வெயிலும் மேலிருந்துதான் அடிக்கிறது, செய்மதியும் மேலிருந்துதான் பார்க்கிறது. நமக்கும் அதே ஒழுங்கு வேண்டும். அடுத்தது, போன் கமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்து மூன்று போத்தலையும் ஒரே மாதிரிக் காட்டிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து அதைப் பூட்டிவிட்டு எடுங்கள்.

சரி, ஏன் வெளுக்கிறது? இதற்கு அடுப்படிக்கு வாருங்கள். பெரிய கற்கண்டுத் துண்டு ஒன்றை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஊடாகத் தெரியும், கண்ணாடி மாதிரி. அதை உரலில் போட்டு இடித்தால் வெள்ளை மா. ஒரு பொருளும் சேர்க்கவில்லை. உடைத்ததால் முகங்கள் கூடின; ஒவ்வொரு முகத்திலும் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. தண்ணீரும் அப்படியே. ஒரு துளியை எட்டுத் துளியாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றின் ஆரமும் பாதியாகும், மொத்த மேற்பரப்பு இரட்டிப்பாகும். கலியாண வீட்டில் சமைத்த சோறு ஒரு கிடாரம்தான்; பந்திக்கு ஆள் கூடினால் இலைக்கு விழுகிற பங்கு சிறுக்கும். மேகத்தில் துகள்தான் பந்திக்கு வந்த ஆள். 1970களில் ஷோன் டூமி என்ற விஞ்ஞானி இதைக் கணக்காகச் சொன்னார். அவர் பெயரிலேயே இன்றும் இந்த விளைவை அழைக்கிறார்கள்.

கடலுக்கு மேலே இது பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் அங்கே ஆள் குறைவு. நடுக்கடல் காற்றில் இருப்பது அலை உடைந்து தெறித்த உப்பும், கடல் நுண்தாவரங்கள் விடுகிற கந்தக வாயுவிலிருந்து உண்டாகும் துகளும்தான். அதனால் தூய கடல் மேகத்தில் ஒரு கன சென்ரிமீற்றருக்குப் பத்துக் கணக்கில், கூடிப்போனால் நூறளவில் துளிகள் இருக்கும். நிலத்துப் புகை கலந்தால் பல நூறாகும். ஏற்கெனவே ஆயிரம் பேர் இருக்கிற பந்தியில் இன்னும் நூறு பேர் வந்தால் யாருக்கும் தெரியாது. ஐம்பது பேர் பந்தியில் வந்தால் தெரியும். கீழ் மேகம் என்பதாலும் ஒரு வேறுபாடு: கீழே கறுத்த கடல், மேலே வெள்ளை மேகம். அதன் வெள்ளை கொஞ்சம் கூடினாலும் கடலுக்குப் போகவேண்டிய வெயில் திரும்பி விண்ணுக்குப் போய்விடுகிறது. உயரத்து மேகம் பூமியின் வெப்பத்தையும் பிடித்து வைக்கும். கீழ் மேகம் அதில் கெட்டிக்காரன் அல்ல, குளிர்விப்பதே அதன் பிரதான வேலை.

உண்மையான கடலில் பார்க்க வேண்டுமென்றால் போனோ கணினியோ காணும். நாசாவின் வேர்ல்ட்வியூ என்ற இணையத்தளம் இலவசம், கணக்குத் திறக்கத் தேவையில்லை. திகதியை 2018 ஜனவரி 16க்கு மாற்றுங்கள். போர்த்துக்கலுக்கும் ஸ்பெயினுக்கும் மேற்கே அத்திலாந்திக் கடலுக்குப் போங்கள். மேக விரிப்பின்மேல் யாரோ சோக்கால் கிறுக்கின மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரியும். அவை மேகத்துக்குக் கீழே போன கப்பல்களின் தடம். கப்பல் எண்ணெயிலுள்ள கந்தகம் எரிந்து, துகளாகி, மேகத்துக்குள் ஏறி, அங்கே துளிகளைச் சிறிதாக்கியிருக்கிறது. நீளம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வரும். 1960களில் முதல் வானிலைச் செய்மதிகள் அனுப்பிய படங்களிலேயே இந்தக் கோடுகள் இருந்தன.

எடுப்பாகப் பார்க்க, இடப்பக்க அடுக்குப் பட்டியலில் அக்குவா அல்லது டெரா செய்மதியின் மொடிஸ் கருவியைத் தெரிந்து, 7-2-1 என்று எழுதிய படத்தைப் போடுங்கள். அதில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்திருக்கும். சிறிய துளி அந்த அலைநீளத்தைக் கூடத் தெறிக்கும். மேகத் துளியின் ஆரத்தையே நிறத்தில் காட்டுகிற அடுக்கும் அங்கே உண்டு. கோடு போகிற இடத்தில் ஆரம் குறைவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். டேட்டா நிறைய இழுக்கும், அதை மட்டும் முதலே சொல்லிவைக்கிறேன்.

இதை ஏன் வங்காள விரிகுடாவில் பார்க்கச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நம் கடலில் பாய் விரித்த மாதிரிப் பரந்த கீழ் மேகம் அரிது. அது வேண்டுமென்றால் குளிர்ந்த கடலும், அதன்மேல் மூடிபோல இறங்கி நிற்கிற சூடான வறண்ட காற்றும் வேண்டும். பெரு, சிலி, கலிபோர்னியா, நமீபியா கரையோரங்களில் அது உண்டு. நமக்கு வாய்த்தது பஞ்சுப்பொதி மேகமும் இடிமேகமும். அதற்காக நம் பக்கம் ஒன்றுமில்லை என்று நினைக்கவேண்டாம். இலங்கையின் தென்முனையான தெவிநுவரைக்குத் தெற்கே மலாக்கா நீரிணை நோக்கி ஓடுகிற கப்பல் பாதைக்கு மேலே, பக்கத்துக் கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல் விழுவதாக 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது இடிமேகக் கதை, கீழ் மேகக் கதை அல்ல. ஆனாலும் புகைத் துகள் மேகத்துக்குள் கைவைப்பதற்கு நம் வாசலிலேயே உள்ள சாட்சி.

இனி, பிள்ளைகள் அவசரப்பட்டு "அப்போ புகை நல்லதுதானே" என்று முடிவெடுக்கிற இடத்துக்கு வருகிறோம். இங்கேதான் போத்தல் பொய் சொல்லும். போத்தலுக்குள் மழை பெய்யாது, வறண்ட காற்று கலக்காது, வெயில் சுடாது.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மைக்ரோமீற்றர் ஆரமுள்ள மேகத்துளி செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் விழும். அப்படிப்பட்ட பத்து இலட்சம் துளி சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீற்றர் ஆர மழைத்துளி ஒன்று. பெரிய துளி சின்னதை விழுங்கி வளரவேண்டும். எல்லாமே சின்னதாக, ஒரே அளவாக இருந்தால் விழுங்க ஆளில்லை. அதனால் தூறல் தடைப்பட்டு மேகம் நீடிக்கும் என்று 1989இல் அல்பிரெக்ட் என்பவர் எழுதினார். இரண்டாம் போத்தலில் துளி இறங்கினதும் மூன்றாவதில் நின்றதும் நினைவிருக்கட்டும்.

ஆனால் சின்னத் துளி சீக்கிரம் காய்ந்தும் போகும். நனைந்த சாரத்தைக் கொத்தாகப் போட்டால் காய நேரமெடுக்கும், விரித்துப் போட்டால் உடனே காயும். மேகத்தின் உச்சியில் வறண்ட காற்று கலக்கிற இடத்தில் அதுதான் நடக்கிறது. ஆகவே சில மேகம் தடிக்கும், சில மெலியும். 2014 ஆகஸ்ட் முடிவிலிருந்து 2015 பெப்ரவரி வரை ஐஸ்லாந்தில் ஹோலுஹ்ரோன் எரிமலைப் பிளவு கந்தக வாயுவைக் கக்கியபோது, சுற்றுக் கடலில் மேகத்துளிகள் சிறுத்தது செய்மதியில் தெளிவாகத் தெரிந்தது. மேகத்தில் இருந்த தண்ணீரின் மொத்த அளவோ பெரிதாக மாறவில்லை. டூமி சொன்னது அச்சொட்டாக நடந்தது, அல்பிரெக்ட் சொன்னது எதிர்பார்த்த அளவுக்கு நடக்கவில்லை.

புகையின் நிறமும் கணக்கில் உண்டு. பின்வாங்குப் பிள்ளை கேட்டதற்கு நேர் விடை இங்கே இருக்கிறது. மேகத்தை வெளுக்கவைப்பது கந்தகத் துகளும் உப்பும். அவை தண்ணீரை இழுக்கும், வெயிலைத் தெறிக்கும். கறுப்புக் கரி வெயிலை உறிஞ்சிச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கும். அந்தச் சூட்டில் மேகம் கரைந்தே போகலாம். 1999 தொடக்கத்தில் மாலைதீவைத் தளமாக வைத்து நடந்த இந்தோஎக்ஸ் ஆய்வில் வீரபத்ரன் ராமநாதனும் மற்றவர்களும் தெற்காசியாவிலிருந்து இந்துசமுத்திரத்தின்மேல் பரவிய பழுப்புப் புகாரை, அதாவது புகைமூட்டத்தை, அளந்தார்கள். வாடைக் காலத்தில் நிலத்துக் காற்று கடலுக்கு இறங்குகிற மாதங்கள் அவை. அந்தப் புகாரில் கரி கணிசமாக இருந்தது, அது பஞ்சுப்பொதி மேகங்களைக் குறைக்கும் என்ற கணக்கும் அந்த ஆய்வின் தொடர்ச்சியாக வந்ததுதான். ஆகப் புகை என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள், என்ன புகை என்று கேளுங்கள்.

2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதத்துக்கு இறங்கவேண்டும் என்று உலகச் சட்டம் வந்தது. துறைமுகத்தருகே மூச்சு விடுகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. அந்த ஆண்டே கப்பல் தடங்கள் வெகுவாகக் குறைந்தன. வேர்ல்ட்வியூவில் 2018க்கும் 2021க்கும் அதே கடலின் மாரிகால நாட்களைப் பத்துப் பத்தாக எடுத்துப் பிள்ளைகளைக் கோடு எண்ணவிடுங்கள். ஒரு நாளை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், அன்று மேகமே இல்லாமலும் இருக்கலாம். போன வெள்ளை கொஞ்சமென்றாலும் வெயில் அதற்கேற்பக் கூட வந்து இறங்கும். எவ்வளவு என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் சண்டை. இன்னொரு பக்கம், கடல் உப்புத் தூவலைத் தெளித்து மேகத்தை வேண்டுமென்றே வெளுக்கலாம் என்று 1990இல் ஜோன் லதாம் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனையை அவுஸ்திரேலியாவில் பவளப்பாறைக் கடலில் சின்ன அளவில் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் அலமேடா நகரில் 2024இல் ஒரு பழைய போர்க்கப்பலின் தளத்தில் தொடங்கிய பரீட்சையை அந்த நகரசபை நிறுத்திவிட்டது. எனக்கு அந்த நகரசபையின் பக்கம்தான் மனம் சாய்கிறது. மழை எங்கே குறையும் என்று சொல்ல ஆளில்லாத வேலையை யாருடைய வயலுக்கு மேலே செய்வது?

கடைசியாகக் கடற்கரை. இதற்கு ஆடி, ஆவணி நல்ல காலம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சிறுபோக வெட்டு முடிந்து வைக்கோல் எரிப்பார்கள். கச்சான் என்கிற மேல்காற்று அந்தப் புகையை வாவியைத் தாண்டி, எழுவான்கரையைத் தாண்டிக் கடலுக்குக் கொண்டுபோகும். (நிலக்கடலையையும் கச்சான் என்போம்; அதற்கும் இந்தக் காற்றுக்கும் உறவு தேடாதீர்கள், நான் தேடிக் களைத்துவிட்டேன்.) பெரும்போக வெட்டில் மாசி மாதம் காற்று கடலிலிருந்து வருவதால் புகை உள்ளுக்குத்தான் போகும், கடல் மேகத்துக்குப் பங்கில்லை.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு போங்கள். காலையில் சூரியன் கடல் பக்கம் நிற்கும். மேகத்தின் நிழல் முகம்தான் நம்மைப் பார்க்கும், எல்லாமே கறுப்பாகத் தெரியும். பின்னேரம் சூரியன் முதுகுக்குப் பின்னால், போத்தலும் ரோச்சும் வைத்த அதே ஒழுங்கு. கொப்பியில் நாள், நேரம், காற்றுத் திசை, தொடுவானம் தெளிவா புகாரா, மேகத்தின் ஓரம் கூரா மங்கலா, கீழே மழைத்திரை தொங்குகிறதா என்று எழுதுங்கள். "வெள்ளை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. தடித்த மேகமும் வெள்ளைதான். புகார் நாளில் மேகத்துக்கும் எங்களுக்கும் இடையிலுள்ள காற்றே மங்கலாக இருக்கும், அதை மேகத்தின் தலையில் கட்டாதீர்கள்.

வலை பொத்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமாவிடம் போன வருடம் கொப்பியைக் காட்டினேன். பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, "மேல் வெள்ளையப் பார்த்து என்னத்துக்கு மகள், அடியப் பார். அடி கறுத்துத் தொங்கினா வலைய இழுக்கோணும்" என்றார். அன்றிலிருந்து கொப்பியில் "அடி" என்று ஒரு நிரல் கூட்டியிருக்கிறோம்.

போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். நுளம்புச்சுருள் போனதில் ஒரு பெருக்கல் குறி போட்டு, குடிதண்ணீர்ப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதை யாரோ எடுத்து மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டார்கள், இப்போது நான்காவது போத்தல் தேடிக்கொண்டிருக்கிறேன்.